டலரோமைகோசிஸ்

டலரோமைகோசிஸ் என்பது டலரோமைசிஸ் மார்னெஃபி என்னும் பூஞ்சையால், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு உண்டாகி உடலெங்கும் பரவும் தொற்று. 2011 வரை இப்பூஞ்சை பெனிசிலியம் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. வெப்பநிலைக்கேற்ப உருமாறுவது இதன் தனித்தன்மை. 25 பாகை செல்சியசில் சிவப்பு நிறமி கசியும் இழைகளாகவும், 37 பாகையில் ஈஸ்ட் வடிவிலும் வளரும். அந்த ஈஸ்ட் செல்கள் மொட்டு விடுவதில்லை. நடுவே குறுக்குச்சுவர் எழுப்பி இரண்டாகப் பிளக்கின்றன. தோற்றத்தில் மிக ஒத்த ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையிலிருந்து நுண்ணோக்கியில் இதைப் பிரித்தறிய உதவும் முக்கிய அடையாளம் அதுவே.

இப்பூஞ்சை 1956இல் வியட்நாமில் மூங்கில் எலியின் உடலில் கண்டறியப்பட்டு, இந்தோசீன பாஸ்டர் நிறுவன இயக்குநர் மார்னெஃபின் பெயர் இடப்பட்டது. இதை 1959இல் விவரித்த செக்ரெத்தேன், ஆய்வகத்தில் தற்செயலாக ஊசி குத்தித் தாமே தொற்றுக்குள்ளானார். இயற்கையாக நேர்ந்த முதல் மனிதத் தொற்று 1973இல் பதிவானது. எச்.ஐ.வி. பரவலுக்குப் பின் தாய்லாந்து, வியட்நாம், தென்சீனம், மணிப்பூர் பகுதிகளில் நோயாளர் பெருகினர். மண்ணிலிருந்து எழும் வித்துகளைச் சுவாசிப்பதால் தொற்றுவதாகக் கருதப்படுகிறது. எலியிடமிருந்து நேரடியாகப் பரவுவது நிறுவப்படவில்லை.

காய்ச்சல், எடைக்குறைவு, இரத்தசோகை, கல்லீரல் மண்ணீரல் வீக்கம் ஆகியவை பொது அறிகுறிகள். முகத்திலும் கைகளிலும் நடுவில் குழிந்த பருக்கள் தோன்றுவதுண்டு. இவை இல்லாதபோது காசநோய் எனத் தவறாகக் கணிக்கப்படுவது கவலைக்குரியது. ஏனெனில் சிகிச்சையின்றி இந்நோய் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். முதலில் ஆம்போடெரிசின்-பி, பின்னர் இட்ராகோனசோல் அளிக்கப்படுகின்றன. தொடக்க மருந்தாக இட்ராகோனசோலைக் கொடுத்தவர்களிடையே 24 வார முடிவில் இறப்பு அதிகம் என 2017இல் வெளியான வியட்நாம் ஆய்வு காட்டியது.