ஒன்பதில் ஒன்று

ஜெய்ப்பூரில் வீட்டுக்கடன் ஃபைல்களைப் புரட்டும்போது அடிக்கடி கண்ணில் படுவது ‘ஹக் தியாக்’. நம்மூர் விடுதலைப் பத்திரம்தான். பெரும்பாலும் சகோதரிகள் அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பது. பெயரிலேயே ‘தியாகம்’ இருக்கிறது பாருங்கள்!

தியாகம் செய்ய முதலில் உரிமை இருக்கவேண்டுமே. அது வந்த கதை நீளம்.

1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோது, 1948-ல் தேர்வுக்குழு திருத்திய இந்து சட்டத் தொகுப்பு மசோதா மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றது. மகனுக்குப் பிறப்பாலேயே வரும் பங்கையும் எடுத்துவிட்டது. எதிர்ப்பு பலமாக இருந்தது, மசோதா இழுத்தடிக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அம்பேத்கர் ராஜினாமா செய்தார். அவர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

1956-ல் வந்த வாரிசுரிமைச் சட்டம் பிறப்புப் பங்கை மகனுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. பூர்வீகச் சொத்து, ஒரு மகன், ஒரு மகள், தாய் இல்லை என்று வையுங்கள். தந்தைக்குப் பின் மகனுக்கு முக்கால், மகளுக்குக் கால்! 1989-ல் தமிழ்நாடு மகளுக்கும் பிறப்புப் பங்கு கொடுத்தது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. அம்மாவுக்குக் கல்யாணம் 1977-ல், சித்திக்கு 1991-ல். பாட்டி முன்பே போய்விட்டார். 2001-ல் தாத்தா உயில் எழுதாமல் காலமானார். சட்டப்படி மாமாவுக்கு 4/9, சித்திக்கு 4/9, அம்மாவுக்கு 1/9. மூவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

2002-ல் அம்மா, சித்தி இருவருமே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். “அதான் சீர் செஞ்சாச்சே” என்றார்கள் பெரியவர்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பி.காம். படித்தவன்தான், இந்தப் பின்னம் எதுவும் அன்று தெரியாது.

2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டப்படியே மகளும் பிறப்பாலேயே பங்குதாரர், கல்யாணத் தேதி எதுவானாலும். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவானதை அந்தத் திருத்தம் தொடாது. அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக, அந்தப் பத்திரத்தை எழுதாமல் மூன்று வருடம் தள்ளிப்போட்டிருந்தால் அம்மாவுக்கு 1/3.

போன மாதம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “என் தம்பி வீட்டுக்கு நான் போக வர இருக்கேன்ல, அது போதும்டா” என்றாள்.

சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.