செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளாட்சிகளும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், நாட்பட்ட நோயாளிகள் ஆகியோரைப் பராமரிக்கும் பணி சட்டப்படி உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளின் பட்டியலில் இருக்கிறது. நடப்பில் அதைச் செய்பவை மாநில அரசின் துறைகளும் மகளிர் குழுக்களும் அறக்கட்டளைகளும். பல உள்ளாட்சிகள் ஒன்றுசேர்ந்து சொந்தமாக நடத்தும் பராமரிப்பு நிறுவனம் என்று இங்கே ஒன்று உருவாகவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த இம்மாவட்டத்தில் திருப்போரூர், திருக்கழுக்குன்றம், இலத்தூர் உட்பட 8 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. கடலோரத்தின் பெரிய ஊரான மாமல்லபுரம் பேரூராட்சியாக இருந்து நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையின் 26ஆம் இனம், மாற்றுத்திறனாளிகள் நலம் உள்ளிட்ட சமூக நலத்தை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடியது என்கிறது. ஒப்படைப்பது மாநிலத்தின் விருப்பம். சாலை, தெருவிளக்கு, குடிநீர் ஆகியவை ஊராட்சியின் கைக்கு வந்த அளவுக்குப் பராமரிப்பு வரவில்லை.

முன்பு நிலைமை சற்று வேறு. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் சத்திரங்கள் பலவும் உள்ளூர் நிதி வாரியங்களின் பொறுப்பில் விடப்பட்டன. 1884க்குப் பின் அவை ஜில்லா போர்டு, தாலுகா போர்டு வசம் வந்தன. சத்திரம் வழிப்போக்கருக்கானது, படுத்த படுக்கையானவருக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் ஆதரவற்றவருக்குச் சோறு போடுவது உள்ளூர் நிர்வாகத்தின் கணக்கேட்டில் ஒரு செலவினமாக இருந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

நீண்டகாலப் பராமரிப்பில் இம்மாவட்டத்துக்கென்று ஒரு வரலாறு உண்டு. அது தொழுநோயை ஒட்டியது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920களில் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955இல் மத்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. பரனூர் என்றால் பலருக்கும் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். அங்கேயே அரசின் தொழுநோயாளர் மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது. தொழுநோயால் பாதிக்கப்பட்டுப் பிச்சையெடுத்து வாழ்ந்தவர்களுக்காக 1970களின் தொடக்கத்தில் தமிழக அரசு பல ஊர்களில் அமைத்த இல்லங்களுள் அது ஒன்று. இன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பொறுப்பில் உள்ளது. நோய் குணமான பிறகும் விரல் மடங்கியவரையும் கால் புண் ஆறாதவரையும் சொந்த ஊர் சேர்த்துக்கொள்ளாததே இத்தகைய இல்லங்கள் நிலைத்துப்போனதற்குக் காரணம். திருமணியை மத்திய அரசும் பரனூரை மாநில அரசும் நடத்த, பக்கத்து ஊராட்சிகள் அண்டைவீட்டாராகவே நின்றன.

கடலோரத்தில் இன்னொரு வகை உள்ளாட்சி உண்டு. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில், அரசுப் பதிவேட்டில் இல்லாத ஊர்ப் பஞ்சாயத்தின் சொல் இன்றும் எடுபடும். குடும்பத் தலைவரான ஆண் பேரில் வரி வாங்கி, கோயில் திருவிழா முதல் கடலில் இறந்தவர் குடும்பத்துக்கான உதவி வரை அது பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு ஓட்டையும் இருந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சோழமண்டலக் கரையின் பல குப்பங்களில் நிவாரணம் வரிப் பட்டியலைப் பார்த்தே பங்கிடப்பட்டதால், வரிக்காரர் இல்லாத வீட்டின் விதவைகள் விடுபட்டார்கள் என்ற புகார் எழுந்தது. யார் கட்டுகிறாரோ அவருக்கே கிடைக்கும் என்ற ஏற்பாட்டில், கட்ட முடியாதவரே அதிகம் தேவைப்படுபவர் என்பது மறைந்துவிடுகிறது.

இப்போது வீட்டு வாசல்வரை வரும் பராமரிப்பு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம். மகளிர் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர் பிபி கருவியோடு வீடுவீடாகப் போய் அளவு பார்த்து, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கையில் கொடுக்கிறார். பக்கவாதத்தில் விழுந்தவருக்கு இயன்முறை மருத்துவரும், படுக்கைப் புண்ணுக்கும் தீரா வலிக்கும் வலிநீக்கு சிகிச்சைச் செவிலியரும் வருகிறார்கள். இவர்கள் பணியாற்றும் வட்டாரம் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் எல்லையே. ஆனால் கணக்கு சுகாதாரத் துறைக்குப் போகிறது, ஒன்றியக் குழுவுக்கு அல்ல. முதியோர் உதவித்தொகை இன்னொரு வழி: 2023இல் மாதம் ரூ.1,200 ஆக உயர்ந்த அத்தொகைக்கான மனுவை வட்டாட்சியர் அலுவலகம் பரிசீலிக்கிறது. ஒரே பாட்டிக்கு மாத்திரை ஒரு துறை, பணம் ஒரு துறை, தெருக்குழாய் ஊராட்சி. குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் மருமகளை விட்டால் ஆளில்லை.

கூட்டாகச் செய்வது தமிழக உள்ளாட்சிகளுக்குப் புதிதன்று. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் பல ஊர்கள் ஒரே ஆற்றிலிருந்து நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பராமரிப்பை ஊராட்சியின் வேலையாகச் செய்து காட்டியது கேரளம். 2008இல் வலிநீக்கு சிகிச்சைக் கொள்கையை அறிவித்தபின், அங்கே கிராம ஊராட்சிகள் வீடு தேடிச் செல்லும் செவிலியருக்கான செலவைத் தம் திட்ட நிதியில் சேர்த்தன. பெருந்திட்டங்களுக்கு அங்கே பல ஊராட்சிகள் பணத்தை ஒன்றுசேர்க்கவும் வழியுண்டு. இங்கிலாந்தில் போர்ன்மத், பூல், டோர்செட் உள்ளாட்சி மன்றங்கள் 2015இல் டிரைக்யூரோ என்ற பராமரிப்பு நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கின. 2019இல் மன்றங்களின் எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டன. 2022இல் டோர்செட் தனக்கென வேறு நிறுவனம் அமைத்துக்கொண்டு விலகியது. எல்லை அடிக்கடி மாறும் செங்கல்பட்டு போன்ற மாவட்டத்தில் கூட்டு ஏற்பாட்டை யோசிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

பராமரிப்பு தேவைப்படுவோரின் குரல் உள்ளாட்சிக் கூட்டங்களில் ஒலிக்க ஒரு வழி பிறந்திருக்கிறது: 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகர உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழி செய்தன. இவர்களுக்கு வாக்குரிமை இல்லை, கூட்டத்தில் பேசலாம்.