ஒருமை, பன்மை, உண்மை: குவேக்கர் குறுநூல்களில் முன்னிலைப் பெயர்ப் பூசல்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய சமயக் குழுக்களுள் குவேக்கர் எனப்பட்ட நண்பர்கள் சபையினர் மொழியியலாரின் கவனத்திற்குத் தனியே உரியவர்கள். மறைநூலின் அதிகாரம், திருமுழுக்கு, குருமார்க்குச் செலுத்தும் பத்திலொரு பங்கு ஆகியவை குறித்து அவர்கள் நிகழ்த்திய வாதங்களைச் சமய வரலாற்றாசிரியர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் அவர்களை அன்றாடம் வசைக்கும் அடிக்கும் ஆளாக்கியவற்றுள் ஒன்று இலக்கணக் கூறு: ஒருவரை முன்னிலையில் ஒருமையால் அழைத்தல். இப்பூசலின் வரலாற்றையும், அதனைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கலையும் இக்கட்டுரை நோக்குகிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘தௌ’ முன்னிலை ஒருமையின் எழுவாய் வடிவம்; ‘தீ’ அதன் வேற்றுமை ஏற்ற வடிவம். பன்மையில் இவற்றுக்கு இணையானவை ‘யீ’, ‘யூ’ என்பன. 13ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கின் செல்வாக்கால், உயர்ந்தோரைப் பன்மையால் அழைக்கும் முறை ஆங்கிலத்தில் வேரூன்றியது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கற்றோரிடையேயும் நகரத்தாரிடையேயும் ‘யூ’ என்பதே பொதுவழக்காகிவிட்டது. ‘தௌ’ வட்டார வழக்கிலும் இறைவேண்டலிலும் இகழ்ச்சியிலும் எஞ்சி நின்றது. தாமஸ் ஃபுல்லர் 1655இல் வெளியிட்ட திருச்சபை வரலாற்றில் இதன் பயன்பாட்டை வகைப்படுத்துகிறார். மேலோர் கீழோரிடம் சொன்னால் அது கட்டளை. ஒத்தார் தம்முள் சொன்னால் நெருக்கம். கீழோர் மேலோரிடம் அறியாமையால் சொன்னால் நாகரிகமின்மை, வேண்டுமென்றே சொன்னால் அவமதிப்பு என்பது அவர் கருத்து. பிரவுன், கில்மன் ஆகியோர் 1960இல் முன்வைத்த, அதிகாரமும் நெருக்கமும் பற்றிய கோட்பாட்டின் கருவை இங்கே காணலாம் என்பது மிகையன்று.

இச்சூழலில்தான் லெஸ்டர்சயர் நெசவாளர் ஒருவரின் மகனான ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691), செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி எவரையும் ‘தௌ’ என்றே அழைக்க இறைவன் தமக்குக் கட்டளையிட்டதாக அறிவித்தார். 1652 முதல் வடமேற்கு மாவட்டங்களில் அவருடைய இயக்கம் விரைந்து பரவியது. அச்சின் சூழலும் அதற்குத் துணைநின்றது. 1641இல் நட்சத்திர மன்றம் ஒழிக்கப்பட்டபின் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. இலண்டன் புத்தக வணிகர் ஜார்ஜ் தாமசன் 1640க்கும் 1661க்கும் இடையே திரட்டிய வெளியீடுகள் மட்டும் 22,000க்கு மேற்பட்டவை. புனித பவுல் பேராலயத்தின் அருகே கடை வைத்திருந்த ஜைல்ஸ் கால்வர்ட் குவேக்கர் குறுநூல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். எதிராளியின் கூற்றைத் தொடர் தொடராக எடுத்துக்காட்டி மறுப்பதே அக்காலக் குறுநூலின் பொது அமைப்பு. 1656–57இல் ஜான் பனியனுக்கும் எட்வர்ட் பரோவுக்கும் நிகழ்ந்த வாதம் இதற்குத் தக்க சான்று. நம் கண்டன நூல் மரபை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது.

முன்னிலைப் பெயர் பற்றி ரிச்சர்ட் ஃபார்ன்வொர்த் 1650களிலேயே தனிக் குறுநூல் எழுதினார். எனினும் இவ்வரிசையில் வியப்பிற்குரிய நூல் 1660இல் வெளிவந்தது. ஃபாக்ஸ், ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி ஆகிய மூவர் பெயரில் அமைந்த அதன் தலைப்பில் ‘பேட்டில்டோர்’ என்னும் சொல் இடம்பெற்றது. அது சிறுவர் எழுத்துப் பயிலும், பிடி வைத்த சிறு பலகையைக் குறிக்கும். அப்பலகையின் உருவம் நூலின் பக்கங்களிலேயே வரையப்பட்டுள்ளது. கற்றறிந்தோர் கையில் அரிச்சுவடியைத் திணிப்பதே நோக்கம். அத்தலைப்பில் வரும் ‘புரொபசர்’ என்னும் சொல்லைப் பேராசிரியர் எனப் பெயர்த்தல் பொருந்தாது. ஃபாக்சின் எழுத்துகளில் அது பெரும்பாலும் தம் சமயப் பற்றை வாயால் அறிக்கையிடுவோரைக் குறிக்கும்.

இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், சிரியாக், அரபு, பாரசீகம், வேல்சு, பிரெஞ்சு முதலாக முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் ஒருமையும் பன்மையும் வேறுபடுவதை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. தொகுப்பில் பெரும்பகுதி ஸ்டப்சும் ஃபர்லியும் உழைத்துச் செய்தது என்றும், தாம் சிலவற்றைச் சேர்த்ததாகவும் ஃபாக்சே தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். ஃபர்லி பின்னாளில் ராட்டர்டாமில் தத்துவ அறிஞர் ஜான் லாக்கைத் தம் இல்லத்தில் தங்கவைத்த வணிகர். நூலின் வாதம் எளியது. ஒருவரைப் பலர்போல் அழைப்பது பொய். அப்பொய் போப்பாண்டவரும் பேரரசரும் தம் பெருமைக்காகப் புகுத்தியது. ஒப்பீட்டு இலக்கணத்தைச் சமயப் போரின் படைக்கலமாக்கிய இம்முயற்சி, மொழியியல் வரலாற்றில் இதுவரை பெற்றதைவிட மிகுந்த இடத்திற்குத் தகுதியுடையது.

ஆயினும் இரு தரப்பாரும் ஒரே பொருளைப் பற்றி வாதிடவில்லை. குவேக்கர்க்குச் சொல்லின் பொருள் எண்ணில் இருந்தது; எதிராளிகளுக்கு வழக்கில் இருந்தது. தொல்காப்பியக் கிளவியாக்கம் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. ஒருவரையோ ஒன்றையோ பன்மையாற் கூறுவது வழக்கில் அமைந்த உயர்வுச் சொல் என அது ஏற்கிறது. இலக்கண நெறிப்பட்டது அன்று என்றும் கூறிவிடுகிறது. இதன் பிற்பகுதியை ஃபாக்ஸ் மகிழ்ந்து ஏற்றிருப்பார். முற்பகுதியைப் பொய் என்று தள்ளியிருப்பார்.

தமிழில் பெயர்ப்போர்க்கு ‘தௌ’ என்பதற்கு ‘நீ’யும் ‘யூ’ என்பதற்கு ‘நீங்கள்’ என்பதும் இயல்பாக அமைகின்றன. தந்தையை ஒருமையால் அழைத்ததற்காகவும் தொப்பியை அகற்றாததற்காகவும் அவரிடம் அடிபட்ட தாமஸ் எல்வுட்டின் தன்வரலாற்றுப் பகுதி தமிழில் ஊறின்றி வந்துவிடும். ஆனால் ஃபாக்சின் வலிமை மிக்க வாதம் ஒன்று வராது. இறைவனை ‘தௌ’ என அழைக்கும் செருக்குடையோர் தம்மை அவ்வாறு அழைக்கப் பொறுப்பதில்லையே என்கிறார் அவர். சீர்திருத்தச் சபையினரின் தமிழ் விவிலியத்தில் இறைவனை விளிக்கும் சொல் ‘நீர்’. பண்டைத் தமிழில் பன்மையாக இருந்து ஒருமைக்கு உயர்வு தந்த சொல் அது. ஃபாக்ஸ் கண்டித்த மாற்றத்தையே அது காட்டுகிறது. அங்கே ‘நீ’ என்று பெயர்த்தால் கிறித்தவ வாசகர் திடுக்கிடுவர். ‘நீர்’ என்றால் வாதமே அழியும். பக்தி இலக்கியத்தில் இறைவனை ‘நீ’ என விளிக்கும் மரபை நாடுவதே தக்கது என்பது என் கருத்து. இன்னொரு முரணும் உண்டு. ‘ஃபாக்ஸ் கூறினார்’ என எழுதும்போதே அவர் மறுத்த பன்மை விகுதியை அவர்க்கே சூட்டிவிடுகிறோம். ‘கூறினான்’ என எழுதும் துணிவு இக்கட்டுரைக்கும் இல்லை.

1669இல் இலண்டன் கோட்டைச் சிறையிலிருந்து எழுதி வெளியிட்ட நூலில் வில்லியம் பென் ஒருமை வழக்கிற்காக மீண்டும் வாதிட்டார். பொது ஆங்கிலமோ எதிர்த்திசையில் சென்று, எல்லார்க்கும் ‘யூ’ என்பதை உரியதாக்கியது. வேறுபாட்டை ஒழிக்க வந்த ‘தௌ’, நண்பர்கள் தம்முள் வழங்கும் குழுமொழியாகச் சுருங்கியது. அக்குழுமொழியிலும், குறிப்பாக அமெரிக்கக் குவேக்கர் இல்லங்களில், எழுவாய் இடத்தை ‘தீ’ என்னும் வேற்றுமை வடிவம் பற்றிக்கொண்டது. அதனுடன் படர்க்கை ஒருமை வினைமுற்று சேர்ந்து வந்தது. இலக்கணத் தூய்மைக்காக அடிபட்டோரின் வழித்தோன்றல்கள், ‘யூ’ தன் எழுவாய் வடிவமான ‘யீ’யை வெளியேற்றிய அதே வழியில் ‘தௌ’வை வெளியேற்றினர்.