வேதக்காரர் ஊர்கள்

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தென்தமிழகத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவியவர்களுக்குப் பெரிய சோதனை ஞானஸ்நானத்துக்குப் பிறகே வந்தது. பழைய வழிக்குத் திரும்பினால் வேலையும் வீடும் உறவும் மீண்டும் கிடைக்கும் என்ற அழைப்பு அவர்களை விடாமல் தொடர்ந்தது. அந்த அழைப்பை அவர்கள் எதிர்கொண்ட வரலாறு திருவிதாங்கூர், திருநெல்வேலிச் சீமை ஆகிய இரண்டின் எல்லையை ஒட்டி நடந்தது.

திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இதற்கு முதன்மையான சான்று தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரண்மனை அலுவலராக இருந்தார். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய் வழியாக அவர் கிறிஸ்தவத்தை அறிந்தார். எல்லைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில், 1745இல் இயேசு சபைக் குருவானவர் புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்பது அப்போது சூட்டப்பட்ட பெயர். 1749இல் கைதான அவர் எருமை மீதேற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார். மூன்று ஆண்டுச் சிறையும் வதையும் அவரைப் பழைய வாழ்வுக்குத் திருப்பவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தனி ஒருவர் உயிரைக் கொடுத்துக் காத்த விசுவாசத்தை, திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்தச் சபைகள் ஊராகக் கூடிக் காக்க முயன்றன. அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள். ஏறும் மரமும் குடியிருக்கும் மனையும் பிறருக்குச் சொந்தமாக இருந்ததால், சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு வரி தர மறுத்த குடும்பம் தொழிலையும் கூரையையும் ஒரே நாளில் இழக்க நேர்ந்தது. இதற்கு விடையாக, 1799இல் சாத்தான்குளம் பகுதியில் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியால் விலைக்கு வாங்கிய நிலத்தில் முதலூர் எழுந்தது. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், டோனாவூர் எனப் பின்னர் பல ஊர்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ஊர்களாயின. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், புதிய சபையாருக்கு மனையும் நிலமும் வாங்கித் தருவதற்காக 1830இல் தரும சங்கத்தை ஏற்படுத்தினார். சொந்த மனையில் குடியேறியவரை வீட்டைக் காட்டி மிரட்ட எவராலும் இயலவில்லை.

வெளி மிரட்டல் குறைந்த பிறகும் உள்ளே இழுக்கும் ஆசைகள் இருந்தன. காய்ச்சல் கண்டால் கோடாங்கியைக் கூப்பிடத் தோன்றும். கொடை மேளம் பக்கத்து ஊரிலிருந்து கேட்கும். பனையேறிக்குச் சோதனை கலயத்திலேயே இருந்தது. சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீர் கருப்பட்டியாகிக் குடும்பத்துக்கு வரும். கள் குடியைக் கெடுக்கும். உபதேசியார் வீடு வீடாக வந்து விசாரிப்பதும், கோயில் மணிக்கு ஊரே ஜெபத்துக்குக் கூடுவதும், பிள்ளைகள் பள்ளியில் வேதப்பாடம் படிப்பதும் ஒருவரைத் தனியே தடுமாற விடாத ஏற்பாடுகள். தவறியவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி, மனந்திரும்பியபின் சேர்த்துக்கொள்வது சபை ஒழுங்கு. தான் யாருடையவர் என்பதை ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் நினைவூட்டியதே இந்த ஊர்களின் பலம். அந்தப் பலத்தில் வளர்ந்த சபைகள் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கின. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதன் நிறுவனர்களில் முதன்மையானவர். அச்சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது.

ஆனால் ஒரு பழைய அடையாளத்தின் முன் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என இரு தரப்பாரும் தளர்ந்தனர். அது சாதி. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திலேயே, வேளாளரும் நாடாரும் ஒரே பலிபீடத்தை நோக்கித் தனித்தனியே அமரும்படி கோயிலுக்குள் சுவர் நின்றது. கௌசானல் அடிகளார் காலத்தில், 1910இல், அது இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் சுவர் திரும்ப எழவில்லை. ஞானஸ்நானத்தில் பெற்ற அடையாளம் பிறப்பின் அடையாளத்தை வெல்ல வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின்னும் தொடர்ந்தது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அதற்குமுன் அவர் பெயரோடு சேர்த்து வழங்கிவந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் விடப்பட்டிருந்தது. வடக்கன்குளத்தில் 1745இல் அவர் ஏற்ற பெயரே புனிதர் வரிசையில் இடம்பெற்றது.