குப்பைத்தொட்டிக்கு மூடி வந்த கதை

வெயில் காலத்தில் இரண்டு நாள் கவனிக்காமல் விட்ட குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளியும். மூடிதான் போட்டிருந்ததே, இவை எப்படி உள்ளே வந்தன? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க மனிதனுக்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன என்றால் நம்புவீர்களா?

முன்பெல்லாம் விடை மிகவும் சுலபமாக இருந்தது. புழு எங்கிருந்தும் வரவில்லை, அழுகும் பொருளிலிருந்து தானாகவே உண்டாகிறது என்பதுதான் அந்த விடை. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஐரோப்பாவில் படித்தவர்களும் இதைத்தான் நம்பினார்கள். அழுகலே புழுவைப் பெறுகிறது என்றால் மூடி போட்டு என்ன பயன்?

இத்தாலியில் டஸ்கனி அரண்மனை மருத்துவராக இருந்த பிரான்செஸ்கோ ரெடி என்பவருக்கு இதில் சந்தேகம் வந்தது. கோடைக்காலத்தில் கசாப்புக் கடைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் இறைச்சியின் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடி வைப்பதை அவர் கவனித்திருந்தார். ஹோமரின் இலியட் காவியத்தில், இறந்த நண்பனின் உடலில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடுமோ என்று அக்கிலீஸ் கவலைப்படும் இடமும் அவர் நினைவில் இருந்தது. கடைக்காரனுக்கும் கவிஞனுக்கும் தெரிந்தது பண்டிதர்களுக்குத் தெரியவில்லை!

ரெடி செய்த சோதனை இன்று பள்ளிப் பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது. பாம்பு, மீன், விலாங்கு, கன்றுக்குட்டி இறைச்சி ஆகியவற்றைத் தனித்தனி ஜாடிகளில் போட்டு, சிலவற்றை மூடினார், சிலவற்றைத் திறந்து வைத்தார். திறந்த ஜாடிகளில் மட்டும் புழு வந்தது. காற்று போகாததால்தான் புழு வரவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்று, அடுத்த முறை மெல்லிய வலைத்துணியைக் கட்டினார். காற்று போனது, ஈ போகவில்லை, இறைச்சியில் புழுவும் இல்லை. வாசனைக்கு வந்த ஈக்கள் வழி கிடைக்காமல் துணியின் மேலேயே முட்டையிட்டன. 1668-ல் இதை நூலாக வெளியிட்டார். மூடி போட்டால் புழு வராது என்பதற்கு உலகில் கிடைத்த முதல் நிரூபணம் இது.

ஆனால் ரெடியின் துணி கட்டியது கட்டியபடியே இருந்தது. வீட்டுக் குப்பைத்தொட்டியின் மூடியோ ஒரு நாளைக்குப் பத்து முறை திறக்கப்படுகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியுள்ள குப்பைத்தொட்டி சட்டத்தில் ஏற இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பாரிஸ் நகரில் மக்கள் குப்பையைத் தெருவில் கொட்டுவதே வழக்கம். 1883-ல் சேன் மாவட்டத்தின் நிர்வாகத் தலைவராகப் பதவியேற்ற யூஜின் பூபெல், அதே ஆண்டு நவம்பர் 24 அன்று ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு கட்டடத்தின் உரிமையாளரும் குடியிருப்பவர்களுக்கு மூடியுள்ள பெட்டிகள் வைக்க வேண்டும். அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதம், கந்தலுக்கு ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. ஆம், குப்பையைத் தரம் பிரிக்கும் திட்டம் அன்றே வந்துவிட்டது!

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. செலவு கூடுகிறதே என்று கட்டட உரிமையாளர்கள் கோபப்பட்டார்கள். அவர்களைவிட நியாயமான கோபம் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுடையது. தெருவில் கொட்டிய குவியலில் கந்தலும் எலும்பும் பொறுக்கி விற்றுத்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர்களுக்கு மூடி என்பது சுகாதாரமல்ல, பிழைப்பின் மேல் விழுந்த பூட்டு. பத்திரிகைகளோ அந்தப் பெட்டிக்கே 'பூபெல்' என்று பெயர் வைத்துக் கேலி செய்தன. கேலி நிலைத்துவிட்டது. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு 'பூபெல்' என்றுதான் பெயர். நகரைச் சுத்தம் செய்ய நினைத்தவருக்குக் கிடைத்த பரிசு இது, பாவம்.

இவ்வளவுக்கும் அந்தக் காலத்தில் மக்கள் பயந்தது நாற்றத்துக்குத்தான். ஈ ஒரு தொல்லை, அவ்வளவே. ஈ எமனாக மாறியது 1898-ல்.

அந்த ஆண்டு அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் நடந்தது. போர்முனைக்குப் போகாமல் அமெரிக்காவிலேயே முகாம்களில் தங்கியிருந்த வீரர்கள் டைபாய்டு காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 20,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணம் அறிய வால்டர் ரீட், விக்டர் வாகன், எட்வர்ட் ஷேக்ஸ்பியர் என்ற மூன்று மருத்துவர்கள் அனுப்பப்பட்டனர். கழிப்பறைக் குழிகளில் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். சமையல் கூடாரத்தில் உணவின் மேல் உட்கார்ந்த ஈக்களின் கால்களில் அதே சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது! இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? நோய் பரவ ஈ மட்டுமே காரணமல்ல, மனிதத் தொடர்பும் பெரிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது. ஆனால் மக்கள் மனதில் பதிந்தது அந்த வெள்ளைக் கால்கள்தான்.

அதன் பிறகு அமெரிக்காவில் ஈக்களுக்கு எதிராக ஒரு போரே நடந்தது. கன்சாஸ் மாநிலச் சுகாதார அதிகாரி சாமுவேல் கிரம்பைன் 1905-ல் 'ஈயை அடி' என்று முழக்கம் கொடுத்தார். ஈ அடிக்கும் மட்டை பிரபலமானது அப்போதுதான். பல ஊர்களில் சிறுவர்களுக்குள் ஈ அடிக்கும் போட்டிகள் வைத்தார்கள். அடித்த ஈக்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. அமெரிக்க வேளாண்துறையின் பூச்சியியல் நிபுணர் எல்.ஓ. ஹோவர்ட் 1911-ல் வீட்டு ஈயைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஒரு ஈ ஒரு தடவையில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். அப்படியிருக்க, மட்டையால் எத்தனை அடிப்பது?

கிளார்க் பல்கலைக்கழக உயிரியலாளர் கிளிஃப்டன் ஹாட்ஜ் வேறு மாதிரி யோசித்தார். எல்லோரும் ஈயைத் தொட்டிக்குள் விடாதே என்றார்கள். அவரோ தாராளமாக வரட்டும் என்றார்! தொட்டியின் மூடியை லேசாக இடைவெளி விட்டு அமைத்து, மூடியில் துளை போட்டு, அதன் மேல் கம்பிவலைக் கூண்டு ஒன்றைப் பொருத்தினார். வாசனைக்கு உள்ளே போகும் ஈ, வெளியேறும்போது வெளிச்சத்தை நோக்கி மேலே பறக்கும். நேராகக் கூண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். குப்பைத்தொட்டியே பொறியாகிவிட்டது.

இன்னொருவர் ஹட்சிசன், வேளாண்துறைக்காரர். வளர்ந்து முடித்த புழு ஈரமான இடத்தில் இருக்காது, கூட்டுப்புழுவாக மாற உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து போகும் என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். குதிரைச் சாணத்தைச் சட்டங்கள் வைத்த மேடையில் குவித்து, கீழே தண்ணீர்த் தொட்டி கட்டினார். வெளியேறிய புழுக்கள் தண்ணீரில் விழுந்து செத்தன. இது நடந்தது 1914-ல். குப்பைத்தொட்டிப் புழுவுக்கான விடையும் இதற்குள்ளேயே இருந்தது. ஆனால் அன்று எல்லோரும் சாணத்தைப் பார்த்தார்கள், தொட்டியைப் பார்க்கவில்லை.

பிறகு மோட்டார் வண்டி வந்தது, குதிரை போனது, சாணமும் குறைந்தது. இரண்டாம் உலகப் போரையொட்டி டிடிடி வந்தது. இனி ஈயே இருக்காது என்று கொண்டாடினார்கள். கொண்டாட்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1946-லேயே சுவீடனில் டிடிடிக்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன. மருந்து கைவிட்டதும் கவனம் மறுபடி குப்பைத்தொட்டியின் பக்கம் திரும்பியது.

1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சுகாதாரத் துறையினர் ஒரு வேலை செய்தார்கள். யாரும் விரும்பிச் செய்யாத வேலை. வீட்டுக் குப்பைத்தொட்டிகளிலிருந்து வெளியேறும் புழுக்களைப் பிடித்து எண்ணினார்கள். பெரும்பாலும் பச்சை ஈயின் புழுக்கள். அப்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

கணக்கு இதுதான். சமையலறையில் மிஞ்சிய உணவின் மேல் ஈ உட்கார்ந்து முட்டையிடுகிறது. அந்த முட்டையோடுதான் உணவு தொட்டிக்குள் போகிறது. அது திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்குள் முட்டை பொரிக்கும். நல்ல வெயில் காலமென்றால் சனிக்கிழமைக்குள் புழு வளர்ந்து முடிந்து, மூடியின் இடுக்கிலும் தொட்டியின் ஓட்டையிலும் புகுந்து வெளியே போய் மண்ணுக்குள் மறைந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை குப்பை வண்டி வந்து அள்ளிப் போவது புழு போன பிறகு மிஞ்சியதைத்தான்!

மூடி, உள்ளே வரும் ஈயைத் தடுப்பதற்காகச் செய்தது. உள்ளேயே பிறந்து வெளியே போகும் புழுவுக்கு அது ஒரு தடையே இல்லை. அதுவரை வீட்டில் புழு வந்தால் பழி வீட்டுப் பெண்களின் மேல்தான் விழுந்தது. மூடியைச் சரியாகப் போடவில்லை, தொட்டியைக் கழுவவில்லை, குப்பையைச் செய்தித்தாளில் சுற்றவில்லை என்று சுகாதாரத் துண்டறிக்கைகள் உபதேசம் செய்தன. உபதேசத்தில் தவறில்லை. ஈரத்தை வடித்துக் காகிதத்தில் சுற்றினால் ஈ முட்டையிடுவது குறையும் என்பது உண்மையே. ஆனால் வண்டி வாரம் ஒரு முறைதான் வரும் என்று முடிவு செய்தது வீட்டுப் பெண்ணல்ல, நகராட்சி. கோடையில் வாரம் இரண்டு முறை குப்பை எடுக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னது இதனால்தான்.

இந்தக் காலத்திலேயே பிளாஸ்டிக் பையும் பரவியது. 1950-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் ஹாரி வசிலிக் என்பவர் லாரி ஹேன்சன் என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய பை முதலில் மருத்துவமனைக்குத்தான் போனது, வீடுகளுக்கு அல்ல. வாயை இறுக்கிக் கட்டினால் ஈ புகாது, கிழியாதவரை புழுவும் போகாது. ரெடியின் கட்டிய துணிக்கு ஓரளவு நெருங்கி வந்தது மூடியல்ல, இந்தப் பைதான். அந்தப் பையே இன்று எவ்வளவு பெரிய தலைவலி என்பது தனிக் கதை.

பாடம் ஒரு முறை கற்றால் போதாது போலும். 2000-களில் பிரிட்டனில் பல உள்ளாட்சி மன்றங்கள் பொதுக் குப்பையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் எடுப்போம் என்று மாற்றின. மறுசுழற்சி பெருகட்டும் என்பது நோக்கம். கோடை வந்ததும் புழுப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன, சண்டை மூண்டது. கடைசியில் உணவுக் கழிவுக்கென்று பூட்டு போன்ற கைப்பிடியுள்ள சின்னத் தொட்டி தனியாக வந்தது, பூபெல் ஆணையின் முதல் பெட்டியைப் போல. 2021-ல் வந்த சுற்றுச்சூழல் சட்டம், இங்கிலாந்து வீடுகளின் உணவுக் கழிவை வாரம் ஒரு முறையாவது எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதியது.