குடியிருப்பும் வாழ்வும்: ஓர் அளவீட்டின் வரலாறு

ஒருவர் குடியிருக்கும் இடம் அவரது வாழ்வை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கிறது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்வியைக் கணக்கெடுத்து ஆராயும் முயற்சி நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

1896-97ஆம் ஆண்டுகளில் டு பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் பிலதெல்பியாவின் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று மக்களின் தொழில், கல்வி, உடல்நலம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். 1899இல் வெளிவந்த அவரது நூல், அவர்களுடைய தாழ்நிலைக்கு வரலாறும் சூழ்நிலையும் பெருங்காரணங்கள் எனக் காட்டிற்று. 1955இல் டங்கன் தம்பதியர் ஆராய்ந்த குறியெண் ஒன்று, இரு இனத்தாரும் நகரெங்கும் சமமாய்ப் பரவ வேண்டுமாயின் ஓரினத்தாரில் நூற்றுக்கு எத்தனை பேர் இடம் பெயர வேண்டும் என்பதைக் கூறிற்று.

ஆயினும் பிரிவினையை அளப்பது வேறு. அதன் விளைவை அளப்பது வேறு. வசதி உடையோர் வெளியேற, வறியோர் தங்கிவிடுகின்றனர். எனவே இடம் மக்களை வறியோராக்கிற்றா, வறுமை அவர்களை அவ்விடத்தில் நிறுத்திற்றா என்பது தெளிவாகவில்லை.

1966 ஜனவரியில் போதகர் மார்ட்டின் லூதர் கிங் சிக்காகோவின் வறிய பகுதியொன்றில் குடியேறி, வீட்டுரிமைக்காக இயக்கம் நடத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில், அரசுக் குடியிருப்புகள் கறுப்பின வட்டாரங்களிலேயே கட்டப்படுவதை எதிர்த்து டொரதி காட்ரோ முதலானோர் வழக்குத் தொடுத்தனர். 1976இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து, பல்லாயிரம் பேர் புறநகர்களுக்கும் பிற பகுதிகளுக்கும் குடிபெயர வழி பிறந்தது.

இதன் தொடர்ச்சியாக 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் 4,604 குடும்பங்கள் சீட்டுக் குலுக்கலால் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு, வறியோர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாயுள்ள பகுதிகளில் மட்டும் பயன்படும் வாடகை உதவி கிடைத்தது. இனமன்று, வறுமையே இங்கு அளவுகோல் என்பது கவனிக்கத்தக்கது.

பெற்றோரின் உடல்நலமும் மனநலமும் ஓரளவு மேம்பட்டன, வருமானமோ உயரவில்லை. ஆகவே வருமானத்தைப் பொறுத்தவரை இடம் பொருட்டன்று எனப் பலர் முடிவு கட்டினர். ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பின்னர், 2016இல் செட்டி, ஹெண்ட்ரன், காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறு உண்மையைப் புலப்படுத்திற்று. பதின்மூன்று வயதிற்குமுன் குடிபெயர்ந்தோர், இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தனர். அதற்குமேற்பட்ட வயதில் சென்றோருக்கு அப்பயன் கிட்டவில்லை.

நல்ல சூழலில் பிள்ளைகள் கழித்த ஆண்டுகளே பலன் தந்தன. முந்திய முடிவுகள் அவ்வாண்டுகள் நிறைவேறுமுன் எழுதப்பட்டவை. வறியோரின் நிலைக்கு அவர்களது குணமே காரணம் என்று தீர்ப்பளிக்குமுன், போதகர்களாகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். குலுக்கலில் பெயர் வராத வீடுகளிலும் பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளைகள் இருந்தனர்.