இரும்பு, செம்பு, கண்ணாடி

தில்லியில் நாம் குடியிருக்கும் தெருவின் வாயிலில் சென்ற மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. வீடுகளுக்கு வரும் பழைய செப்புக் கம்பிக்கு மாற்றாகக் கண்ணாடி இழை அமைத்துத் தரப்படும், விரும்புவோர் பெயர் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். மாலையில் வீடு திரும்பி இதைச் சொன்னதும் அன்னையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கரண்ட் போனாலும் அந்த டெலிபோன் பேசுமா?" அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. விடை தேடப் புகுந்ததன் விளைவே இவ்வுரை.

கம்பியின் பொருள் மாறுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஓஷானெஸி என்பார், 1839-ஆம் ஆண்டிலேயே அந்நகருக்கு அருகில் கம்பி கட்டி மின் செய்தி அனுப்பிப் பார்த்தார். கும்பினி அரசு அவருடைய யோசனைக்குச் செவி சாய்க்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. பின்னர்க் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் துறைமுகம் வரை அமைத்த சோதனைத் தடத்தில் அவர் மெல்லிய செப்புக் கம்பியை நாடாமல், தடித்த இரும்பையே கையாண்டார். புயலும் குரங்கும் திருடரும் மலிந்த நாட்டில் மெல்லிய கம்பி நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1855-இல் பொதுமக்களுக்கும் தந்தி திறந்து விடப்பட்டது. வீணையின் நரம்பைக் குறித்த 'தந்தி' என்னும் சொல் அன்று இப்புதுமைக்குப் பெயராயிற்று. பின்னர்க் 'கம்பியில்லாத் தந்தி' என்றும் வந்தது. நரம்பே இல்லாத நரம்பு! மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இதைக் கேட்டால் இன்றும் சிரிப்பு வரும்.

தந்திக்கு இரும்பு போதுமானதாயிருந்தது, குரலுக்குப் போதவில்லை. 1882-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டபோது, கல்கத்தாவில் சந்தாதாரர்கள் 93 பேரே. இரும்பில் குரல் சிறிது தொலைவிலேயே நலிந்து போகும். செம்போ மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆயினும் தன் பாரத்தாலேயே தொய்ந்து அறும். அமெரிக்காவில் தூலிட்டில் என்பவர் செம்பைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து வலிவூட்டும் முறையைக் கண்ட பின், 1884-இல் நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையே அத்தகைய கம்பியில் பேச முடிந்தது. அதன் பின் உலகெங்கும் செம்பே அரசோச்சிற்று.

செம்பு குரலை மட்டும் சுமக்கவில்லை என்பது நம்மிற் பலர் எண்ணிப் பாராத செய்தி. தொலைபேசி நிலையத்தில் வரிசையாய் வைக்கப்பட்ட மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் அதே கம்பி வழியாக வீடு வரை வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் கருவி பேசியதற்கு அதுவே காரணம். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, விடியுமுன்னரே வட இந்திய மின் கட்டமைப்பு முழுவதும் வீழ்ந்தது. அந்த இருளில் தந்தையாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. கைபேசி முன்னிரவே அணைந்து போயிருந்தது. கூடத்து மூலையிலிருந்த பழைய கருவியைத் தடவி எடுத்துத்தான் மருத்துவரை அழைத்தோம். அன்னையாரின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

இதே செம்பின் மீதுதான் இணையமும் ஏறிற்று. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்தது. குரலுக்காக இழுத்த கம்பி பெருஞ்சுமையைத் தாங்கும் தொலைவு குறைவு. நிலையத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் வேகம் வெகுவாய்க் குன்றும். மழை நீர் இணைப்புகளில் புகுந்தால் அதுவும் இல்லை.

கண்ணாடியின் கதையில் நம் நாட்டவர் ஒருவருக்கு இடமுண்டு. பஞ்சாபில் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தை அனுப்பிக் காட்டி 1954-இல் வெளியிட்டார். ஆயினும் அக்காலக் கண்ணாடியில் சுமார் 20 மீட்டர் செல்வதற்குள் ஒளியின் நூறில் ஒரு பங்கே எஞ்சும். குற்றம் கண்ணாடியினுடையதன்று, அதில் கலந்த மாசினுடையது என்று 1966-இல் சார்ல்ஸ் காவோவும் ஹாக்காமும் எடுத்துரைத்தனர். ஒரு கிலோமீட்டர் கடந்தும் அந்த நூறில் ஒரு பங்கு எஞ்சுமானால் செய்திப் போக்குவரத்துக்குப் போதும் என்றனர். 1970-இல் கார்னிங் நிறுவனத்தார் அதைச் சாதித்தனர். இன்றைய இழையில் அவ்வளவு ஒளி எஞ்ச 100 கிலோமீட்டர் செல்லலாம். காவோவுக்கு 2009-இல் நோபெல் பரிசு கிட்டிற்று. கபானிக்கு மறைவுக்குப் பின் 2021-இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. நம் நாட்டில் 1979-லேயே புணே நகரின் தொலைபேசி நிலையங்களுக்கிடையே ஒளியிழை பணி செய்யத் தொடங்கியது. நிலையத்திலிருந்து வீட்டு வாசலுக்கு வரத்தான் அதற்கு இத்தனை காலம் பிடித்தது.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின் இடி இறங்கினாலும் இழை வழியே வீட்டுக் கருவி கருகாது. அதைத் திருடி உருக்கி விற்பாரும் இல்லை. அதே இயல்பினால், அன்னையார் அஞ்சியதும் மெய்யே: இழை தன்னுடன் மின்சாரம் கொண்டு வராது. வீட்டில் சுவரில் மாட்டும் சிறு பெட்டி வீட்டு மின்சாரத்திலேயே இயங்க வேண்டும். அறிவிப்பு இதைப் பற்றி ஒரு வரியும் கூறவில்லை. கூறியிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். தனியே வாழும் முதியோர் எத்தனை பேர் இதை அறியாமல் ஒப்பமிடுவரோ!

நாம் ஒப்பமிட்டோம். அப்பெட்டிக்கு 12 வோல்ட் தரும் சிறு மின்கலம் ஒன்றையும் கடைத்தெருவில் வாங்கினோம். சில மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். பழைய கருவியையே புதுப் பெட்டியில் பொருத்தினர்; எண்ணும் மாறவில்லை. பணியாளர் சென்றதும் அன்னையார் தாமே எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இருட்டில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.